உப்பு முடிச்சும் ஓட்டை விழுந்த தளமும்

துரு நீக்கும் வேலை பத்துக் காசு அளவில் தொடங்கித் தோசைக்கல் அளவில் முடியும். பழைய காரை வீட்டு வாசலில் நிறுத்தி, உப்புத்தாளும் கையுமாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என்னைப் போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் இந்த வீண் வேலை?

காத்தோங் வட்டாரத்தில் எங்கள் வரிசை வீட்டைக் கடந்து செல்வோர் அனைவரும் கேட்ட கேள்வி இது. காரணம் என் மனைவி மங்கை. டாக்சியில் ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும். பேருந்தில் ஏறினால் குமட்டும். ரயில் நிலையத்தின் நீண்ட நடைக்கு முழங்கால் இடம் கொடாது. எங்கள் பழைய காரில் மட்டும், சன்னலை இறக்கிவிட்டு, தீவின் மறுகோடி உட்லண்ட்ஸில் இருக்கும் மகள் வீடு வரை பாட்டு முணுமுணுத்தபடி வருவாள். ஆண்டுச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாவிட்டால் வண்டி உடைப்புக்குப் போகும். மங்கை வீட்டோடு இருப்பாள்.

பின்சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் சற்றே உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தொட்டேன். முனை உள்ளே போய்விட்டது. சுற்றிலும் சுரண்டச் சுரண்ட, இரும்பு காய்ந்த அப்பளமாக நொறுங்கிக் கொட்டியது. சினமும் இப்படித்தான் வெளியே சிறு கொப்புளமாகத் தெரியும் என்று நான் சிந்தித்துக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டுத் திருமதி டான் பூந்தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். தமிழில் சொன்னால் அது இவ்வளவுதான்: "அங்கிள், காரை ரிப்பேர் பண்றீங்களா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா குப்பையில போடுறீங்களா?"

கடைக்காரரின் வைத்தியம்

ஃபேரர் பார்க் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். ஓட்டையை அடைக்கும் பசை ஒரு டப்பா, அதே நிறத்தில் பெயிண்ட் ஒரு டப்பா, அவ்வளவு போதும் என்றேன். அடைத்துப் பூசிவிட்டால் சோதனை அதிகாரியின் கண்ணுக்குத் தெரியாது என்பது என் கணக்கு. ஊருக்கெல்லாம் நேர்மையை எடுத்துரைப்பவனுக்கும் சோதனைத் தேதி நெருங்கும்போது இத்தகைய எண்ணங்கள் உதிக்கின்றன.

கடைக்காரர் பசை டப்பாவை எடுத்தார்; என்னை ஒரு முறை பார்த்தார்; டப்பாவை மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டார். விற்கக்கூடிய பொருளை விற்காமல் என்னைக் காத்த அந்த மனிதரை நன்றியோடு நினைக்கிறேன். அவர் சொன்னது: "சார், சொத்தைப் பல்லுக்கு லிப்ஸ்டிக் போட்டு என்ன லா பிரயோஜனம்? முதல்ல புடுங்குங்க."

மிளகாய் நெடி

பிடுங்குவதற்கு மங்கையின் தம்பி சேகர் வந்தான். கப்பல் பட்டறையில் வேலை செய்தவன், வெல்டிங் தெரிந்தவன், என்னைக் கேலி செய்யாமல் ஒரு மணி நேரம் இருக்கத் தெரியாதவன். "மச்சான், நீங்க லெக்சர் குடுங்க, நான் வேலையைப் பாக்குறேன்" என்று டிரில்லில் கம்பி பிரஷ்ஷை மாட்டி, துரு முன்பக்கம் வரை பரவியிருக்கிறதா என்று பார்க்க ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே விட்டான். மறுகணம் இருவருக்கும் தும்மல். கண்ணில் நீர். வண்டியிலிருந்து தாளிப்பு நெடி வந்தது அதுவே முதல் முறை.

விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு கறுப்புத் துணி முடிச்சு கிழிந்து கிடந்தது. கல்லுப்பு, காய்ந்த மிளகாய், படிகாரம். என் மேல் கண்ணேறு படக்கூடாது என்று ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் மங்கை புது முடிச்சை இருக்கைக்கடியில் செருகி வந்திருக்கிறாள். நம் ஊரின் ஈரக் காற்றைக் குடித்துக் குடித்து அந்த உப்பு கசிந்திருக்கிறது. கீழே இருந்த தளம் சல்லடையாகி, அதன் வழியே வாசல் தரை தெரிந்தது.

தேநீரோடு வந்த மங்கை அதைப் பார்த்துவிட்டாள். "அப்ப வண்டியக் கெடுத்தது நானா?" என்றாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "விடுங்க. வித்துடலாம். எனக்காக நீங்க குனிஞ்சு நிமிர வேணாம். பேத்தியை நான் போன்ல பாத்துக்குறேன்."

இத்தனை ஆண்டுகள் நான் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று ஒருத்தி என் காலடியில் வேண்டுதலை வைத்திருக்கிறாள். அதன் மேலேயே அமர்ந்து ஓட்டியவனுக்கு அது தெரியவில்லை. அன்பர்களே, உங்கள் இருக்கைக்கு அடியிலும் குனிந்து பாருங்கள்! தளம் கெட்டிருக்கலாம், ஆனால் அங்கே உங்களுக்காக யாரோ எதையோ வைத்திருப்பார்கள். இதை எப்படிச் சொல்வதென்று நான் திணறிக்கொண்டிருக்க, சேகர் ஓட்டையில் கையை விட்டு ஆட்டிக் காட்டினான்: "அக்கா, எதுக்கு அழுவுற? மச்சான் மேல விழுந்த கண்ணு எல்லாம் இந்த ஓட்டை வழியா இறங்கி ரோட்டுல போயிடுச்சு!"

மங்கை சிரித்துவிட்டாள். வண்டியை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது.

வெட்டி எடுத்த பிறகு

கெட்ட இரும்பை எல்லாம் வெட்டி எறிந்து, நல்ல இரும்பு வரும்வரை போனோம். அங்கேதான் புதுத் தகடு ஒட்டும். உபதேசமும் அப்படியே என்று சொல்ல வாயெடுத்தேன். சேகர் முகமூடியை இறக்கி வெல்டிங்கைத் தொடங்கிவிட்டான். தீப்பொறி பறந்தபோது, திருமதி டான் தம் துணிகளைக் கொடியிலிருந்து முகம் சுளிக்காமல் எடுத்து உள்ளே வைத்தார். ஒரு வாளித் தண்ணீரையும் எங்கள் பக்கம் நகர்த்தினார். மங்கை முக்காலி போட்டு உட்கார்ந்து, புதுத் தகட்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தாள். நான் தேய்த்த இடத்தையும் மறுபடி தேய்த்தாள். ஏன் என்று கேட்டதற்கு: "பாத்திரம் தேய்க்கிற கைக்கு எது வழுவழுன்னு தெரியும். நீங்க பெயிண்ட் டப்பாவைக் கலக்குங்க."

சோதனை நாள்

சோதனை நிலையத்தில் வண்டியை உயரத் தூக்கினார்கள். மங்கை தூரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதிகாரி தமிழ் இளைஞர். டார்ச் அடித்தார், தளத்தைத் தட்டினார், வெல்டிங் ஓரங்களில் விரலை ஓட்டினார். வண்டியை இறக்கியபின் உள்ளே குனிந்து, ஓட்டுநர் இருக்கைக்கடியிலிருந்து எதையோ எடுத்தார். ஊறுகாய் போடும் சிறு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கறுப்புத் துணி முடிச்சு.

நான் மங்கையைப் பார்த்தேன். மங்கை கூரையைப் பார்த்தாள்.

இளைஞர் டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். "பாஸ்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி: "ஆன்ட்டி வச்சதா? எங்கம்மாவும் வைப்பாங்க. மூடி மட்டும் டைட்டா இருக்கட்டும் லா."

அன்று அங்கிருந்து நேராக உட்லண்ட்ஸுக்கு, சன்னலை இறக்கிவிட்டு, பாட்டோடு போய்ச் சேர்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நமக்காக உப்பை வைப்பவர்கள் வைத்துக்கொண்டே இருக்கட்டும், அவ்வப்போது குனிந்து மூடியை இறுக்குவது ஒன்றுதான் நம் பங்கு.