கோடு வரை நிரப்பிய தொட்டி

விவசாயப் பண்ணையில் அவளுக்குப் பெயர் தொட்டியக்கா. ஆறு சிமெண்ட் தொட்டிகளில் அசோலா வளர்ப்பது அவள் வேலை. தண்ணீரில் மிதக்கும் இந்தக் குட்டிப் பெரணியின் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி ஒன்று குடித்தனம் நடத்துகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வீட்டுக்காரிக்கு வாடகையாகக் கொடுக்கிறது. பெரணியை வயலில் விட்டால் நெல்லுக்கும் பங்கு உண்டு. பதினாறு வருடம் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ஒரு தொட்டிகூடக் காலை வாரியதில்லை.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் நின்றது. தொட்டிச் சுவரில் போட்ட கோட்டுக்குக் கீழே நீர் இறங்கினால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுத் தினமும் கோடு வரை நிரப்பினாள். வெயில் தண்ணீரைத்தான் குடித்தது, அந்த நீரிலிருந்த உப்பைக் குடிக்கவில்லை. விட விட உப்பு ஏறியது. படித்தவர்கள் போட்ட கோடுதான்; உப்பைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் தம்பி வந்தான். குத்தகை நிலத்தில் அவனுக்கு முதல் நடவு. யூரியா வாங்கவா என்று கேட்டவனிடம், அசோலா போதும், நான் பொறுப்பு என்று சொல்லி நான்காம் தொட்டியிலிருந்து வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தாள். இலை ஓரங்கள் லேசாகச் சிவந்திருந்தன. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வயலில் அது பெருகவேயில்லை. நெல் வெளுத்தது. தம்பி குத்தகையை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போனான். தன் கைக்கு விவசாயம் ஒத்துவராது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான்.

நான்காம் தொட்டியே செத்த பிறகு பண்ணையின் ஆய்வாளர் அம்மா தண்ணீரைச் சோதித்தார். உப்பு ஏறினால் உள்ளே இருக்கும் பாசி அடி வாங்கிவிடும், பெரணி பச்சையாகத் தெரிந்தாலும் நைட்ரஜன் பிடிப்பது குறைந்துவிடும் என்றார். அன்றிலிருந்து வெளுத்த நெல் தொட்டியக்காவை விடவில்லை. சோற்றில் கை வைத்தால் அதுதான் தெரிந்தது. லாரி ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. காலித் தொட்டிக்குள் யாரோ குனிந்து வாளி நிரப்புவது போலவே இருக்கும். பார்த்தால் அது அவளேதான். சொன்னால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவன் தன்னையே குறை சொல்லிக்கொண்டு திரிவான்.

இரண்டு வருடம் கழித்து, தம்பி வீட்டுச் சமையலறையில், சொல்லிவிட்டாள். அவன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

“தெரியும்க்கா. அன்னிக்கு வாளியத் தூக்கறப்ப வாயில தெறிச்சுது. கரிச்சுது.”

“அப்புறம் ஏன்டா வயல்ல விட்ட?”

“நீ குடுத்ததாச்சேக்கா,” என்றான்.