டோபி ரூம் டிவியில தெரிஞ்ச லாபி

சூடான பெட்ஷீட் வாசனை... சோப்பும் ஆவியும் கலந்து மூக்குல ஏறும். அது எங்க வந்தாலும் நான் மலாக்கா பக்கம் தஞ்சோங் கிளிங்ல இருந்த அந்த ஹோட்டலோட துணி துவைக்கிற டோபி ரூமுக்குப் போயிடுவேன்.

தொண்ணூறுகள்ல நடந்தது. மலாக்கா டவுன்ல, காவலுக்குக் கேமரா மாட்டிக் குடுக்குற ஒரு சின்ன கடை. படிச்சது எலெக்ட்ரானிக்ஸ், பார்த்தது கவுண்டர் வேலை. "பொம்பள புள்ள, தனியா சமாளிக்குமா"ன்னு பாஸுக்கு ஒரே சந்தேகம். நச்சரிச்சு அந்த ஹோட்டல் ஜாப்பை வாங்கினேன். அஞ்சு மணிக்கு ஹோட்டல் மேனேஜர் வந்து பார்ப்பார்... படம் வரலன்னா மறுபடியும் கவுண்டர்தான்.

நாலு கேமராவையும் கடை ஆளுங்க ஏற்கனவே மாட்டிட்டாங்க. நாலையும் ஒரே திரையில மாத்தி மாத்திக் காட்டுற ஸ்விட்ச்சர்தான் என் வேலை. கீபோர்டைச் சொருவி, மானிட்டர்ல பார்த்து, எது முதல்ல, எது அடுத்ததுன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

மானிட்டரைக் கைலியில சுத்தி மோட்டார் சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போனேன். கடற்கரை ரோட்டுல ஒவ்வொரு குழிக்கும் ஒரு "ஐயோ".

பின்வாசல் வழியா போயி, டோபி ரூம் பக்கத்து ஸ்டோர்ல எல்லாத்தையும் மாட்டி சுவிட்சைப் போட்டா... மானிட்டர் இருட்டு. தட்டினேன். கும்பிட்டேன். ம்ஹூம்.

அழுதுட்டேன்.

"ஏம்மா அழுவுற?" துணி மடிச்சுக்கிட்டிருந்த ராசம்மாக்கா வந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். டோபி ரூம் மூலையில ஓடுன அவங்க டிவியைக் காட்டினாங்க. "இது ஆவாதா?"

பின்னாடி பார்த்தேன். வீடியோ சாக்கெட் இருக்கு!

ஆனா நாடகம் பாதியில ஓடுது. மத்த அக்காங்க முறைச்சாங்க. "அந்தப் புள்ளைக்கு வேல போயிரும் லா! நாடகம் எங்க ஓடிப் போவுது?"ன்னு ராசம்மாக்கா டிவியைத் தூக்கி அயர்ன் மேசையில வச்சுட்டாங்க.

ஸ்டோர்லேர்ந்து வயரை இழுத்து மாட்டினேன், மெனு வந்துச்சு. டைப் பண்ணேன். கேட், கார் பார்க், பின்வாசல், லாபி... என்டர்.

கேட் வந்துச்சு. அடுத்து கார் பார்க். "ஏய், என் மோட்டாரு!"ன்னு ஒரு அக்கா கத்த, ஒரே சிரிப்பு. கடைசியா லாபி.

எல்லாரும் டிவி கிட்ட வந்துட்டாங்க. கருப்பு வெள்ளையிலயும் தரை மின்னுது.

"இதுவா நம்ம லாபி?"ன்னாங்க ராசம்மாக்கா. எத்தனையோ வருஷமா அங்க துவைக்கிறவங்க... வர்றதும் போறதும் பின்வாசல்ல.

மேனேஜர் வந்தார், டிவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், ஓகே சொல்லிட்டார். வேற மானிட்டர் வர்ற வரைக்கும் அப்படியே ஓடட்டும்னுட்டார். எனக்குச் சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். பையைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் பக்கம் திரும்பினேன்.

"அங்கிட்டு எங்க போற? முன்னாடி வழியா போ. நாங்க டிவியில பாக்குறோம்"ன்னாங்க ராசம்மாக்கா.

போனேன்... தூசி ஷூவோட, நடு லாபியில. கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். டிவி எப்ப லாபிக்கு மாறும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ரவுண்டு முடியற வரைக்கும் ஆட்டிக்கிட்டே நின்னேன். பக்கத்துல இருந்த டூரிஸ்ட் மெல்ல நகர்ந்து போயிட்டார்.

இப்ப கீபோர்டும் வேணாம், மானிட்டரும் வேணாம், எல்லாம் போன்லயே முடிஞ்சிருது. சொந்தக் கடை, என்கிட்ட ரெண்டு பொண்ணுங்க வேலை செய்றாங்க. ஆனா படம் சரியா வருதான்னு பார்க்க இன்னமும் யாராவது ஒருத்தர் நடந்து காட்டணும்ல... எந்த ஹோட்டல்னாலும் நான் அங்க இருக்குற டோபி அக்காங்களைத்தான் கூப்பிடுவேன்.

முன்வாசல் வழியா.