நிறைந்தே திரும்பிய தட்டு

தைரியம் என்று யாராவது பிரசங்கத்தில் ஆரம்பித்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பேசுகிறவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை நம்பி என் வாயால் நான் செய்த கேடு எனக்குத்தான் தெரியும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயந்தவள். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மகள் வருகிற பஸ் பத்து நிமிடம் பிந்தினால் தெருமுனைக்கே போய் நிற்பேன். இந்தத் தீவில், விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியிலேயே பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் விமானம் எங்கள் தகரக் கூரைக்கு மேலே இறங்கும்போது இன்றுவரை தலையைக் குனிகிறேன். வீட்டுக்காரர் சிரிப்பார். "உன் தலை மேலயா இறக்குறான்?" என்பார்.

எங்கள் சபை சின்னது. மெயின்லேண்டிலிருந்து வந்த பாஸ்டர் அந்த வருடம் நாற்பது நாள் உபவாசக் கூட்டம் வைத்தார். தலைப்பு, தைரியம். அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு ஒரு தைரியக் காரியம், வாரா வாரம் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார். ஒரு அண்ணன் தன் ஆபீசில் மாட்டியிருந்த சாமி காலண்டரைக் கழற்றிப் போட்டதாகச் சொன்னார். ஒரு அம்மா பஸ்ஸில் எழுந்து நின்று டிரைவர் முதல் கண்டக்டர் வரை எல்லாருக்கும் பிரசங்கம் செய்ததாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கூரை அதிரும்.

எனக்கு நான்கு வாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவது ஞாயிறு பாஸ்டர் மைக்கிலேயே கேட்டார்.

"என்ன சிஸ்டர், உங்க வீட்டு விளக்கை இன்னும் கட்டிலுக்குக் கீழயே வச்சிருக்கீங்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வாரம் முழுக்க என் காதில் இருந்தது. நான் வேலை பார்க்கிற லாட்ஜில் பெட்ஷீட் மாற்றும்போதும் இருந்தது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் கேட்பார். என் தைரியம் பிறந்த இடம் இதுதான்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் பக்கம். முருக பக்தி. அவர் வீட்டுக்காரர் அரசாங்க வேலை; எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வ்மேன். கோடையில் எங்கள் தெருவுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதுவும் முக்கால் மணி நேரம். காலை பத்துக்கு வரலாம், பன்னிரண்டுக்கு வரலாம். வந்ததும் தெருவில் யாராவது "பானி, பானி" என்று குரல் கொடுப்பார்கள். அந்த நேரம் நான் லாட்ஜில் இருப்பேன், வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் இருப்பார். எங்கள் கேட்டின் இன்னொரு சாவி அக்காவிடம் இருந்தது. கேட்டைத் திறந்து, எங்கள் குழாயில் பைப்பைச் சொருகி, நான்கு டிரம்மையும் நிரப்பி மூடி வைத்துவிட்டுப் போவார். பதினோரு வருடம். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

பங்குனி உத்திரத்துக்கு அக்கா வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து கேக்கும் பிரியாணியும் போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் போகும். அவர்கள் படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அந்த வருடம் உத்திரம் ஐந்தாவது ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. அக்கா பால்குடம் எடுத்துவிட்டு வந்து, மஞ்சள் சேலையோடு எங்கள் கேட்டில் நின்றார். பின்னால் மெயின்லேண்டிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த அவர் அண்ணன். எதிர் வீட்டுப் பெங்காலி அம்மா தன் தட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தாத்தா, பிடி. உன் மகளுக்கு முந்திரி பிடிக்கும்னு மேல அள்ளிப் போட்டுருக்கேன். நீ எடுத்துத் தின்னுறாத."

நான் கை நீட்டவில்லை.

"வேண்டாம்க்கா. நாங்க இனிமே இதெல்லாம் சாப்பிட மாட்டோம்."

"எதெல்லாம்?"

"படைச்சது."

அக்கா சிரித்தார். "பதினோரு வருஷமா என்னத்தத் தின்ன? மண்ணையா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்பது மட்டும் சாட்சிக்குப் போதாது என்று தோன்றியது. பாஸ்டர் குரலிலேயே சொன்னேன், அவர் வார்த்தையையே எடுத்து. "கல்லுக்கு வச்சதை என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்."

பெங்காலி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். அக்காவின் நெற்றியில் இருந்த விபூதி அப்படியே இருந்தது, கீழே முகம் மட்டும் மாறியது. முந்திரி வைத்த தட்டு நிறைந்தபடியே திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னேன். கைதட்டு கேட்டது. பாஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். உண்மையை மறைப்பானேன், பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை.

அடுத்த தண்ணீர் நாள் வேலையிலிருந்து வந்தால் டிரம் நான்கும் காலி. கேட்டுப் பூட்டின் வளையத்தில் ஒரு சிவப்பு நூலில் சாவி தொங்கியது. அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை, சண்டை போடவில்லை, தெருவில் யாரிடமும் புலம்பவும் இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

பிறகு நான் தண்ணீருக்காக லீவு போட ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை லாட்ஜ் மேனேஜர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "க்யா தீதி, ஹர் தீஸ்ரே தின் சுட்டி?" மூன்று நாளைக்கு ஒரு லீவா என்று. வேலை போய்விடுமோ என்ற கவலையில், ஜெபக்குறிப்பு சொல்லுகிற நேரத்தில் சபையில் வாய்விட்டேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்துத் தருவதை நிறுத்திவிட்டார்கள், கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன்.

பாஸ்டரின் கண் விரிந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஆபீஸ்லதான வேலை?"

"ஆமா பாஸ்டர். வால்வ்மேன்."

"பார்த்தீங்களா சபையே" என்றார். "விசுவாசத்துக்காக நம்ம சகோதரிக்குத் தண்ணீரை அடைச்சிருக்கான்."

அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்தோத்திரம் எழுந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்குள் மனு தயார். கம்ப்யூட்டரில் அடித்து, அரசாங்கப் பதவியைப் பயன்படுத்திக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குக் குடிநீரை மறுத்தார் என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடும் போட்டு. தண்ணீர் ஆபீசுக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று. சபைக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாரும் பயந்து கிடக்காமல் இருக்க அது உதவுமாம்.

சனிக்கிழமை மாலை மனுவின் நகலை வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். அவர் சபைக்கு வருவார், வாசல் பக்கம் உட்காருவார், பேச மாட்டார்.

"இது ஆபீசுக்குப் போச்சுன்னா அந்த ஆளைக் கடைசித் தீவுக்கு, கேம்பல் பேக்குத் தூக்கிப் போடுவாங்க. ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. அக்கா முட்டி வலியோட கப்பல்ல எப்படிப் போகும்?"

"அப்ப நான் என்ன செய்ய?"

"என்னைக் கேக்காத. கல்லுன்னு சொல்லும்போது என்னைக் கேட்டியா?"

மனிதர் இருபது வருடத்தில் என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்த மாதிரிதான் இருந்தது.

ஞாயிறு காலையில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மேஜைமேல் மனு, அதன்மேல் பேனா. பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டார். பேனாவை எடுக்கவில்லை. மைக்கை எடுத்தேன்.

"தண்ணி வந்துச்சு" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"எங்க குழாய்ல எல்லா நாளும் தண்ணி வந்துச்சு. யாரும் அடைக்கல. திறந்து பிடிக்கத்தான் ஆள் இல்ல. அதைப் பதினோரு வருஷம் அந்த அக்கா சும்மா செஞ்சாங்க. அவங்க தட்டோட வந்து நின்னப்ப நான் அசிங்கமாப் பேசினேன். சாவியைக் கொடுத்துட்டாங்க. இதுல எழுதிருக்கறது பொய்."

பாஸ்டர் மைக்குக்குக் கை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "பயப்படாதீங்க சிஸ்டர். சத்துரு இப்படித்தான் பயமுறுத்துவான்."

"எனக்கு அவங்ககிட்டப் பயம் இல்ல பாஸ்டர். உங்ககிட்டதான் பயம். அன்னைக்கும் அதனாலதான் பேசினேன். நீங்க ஞாயித்துக்கிழமை கேப்பீங்களேன்னு."

பின் வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பஸ்ஸில் பிரசங்கம் செய்த அம்மா எழுந்தார்.

"சிஸ்டர் போடலைன்னா என்ன, சபை சார்பா நான் போடறேன்."

"போடுங்கக்கா. ஸ்டேஷன்ல கூப்பிட்டா நான் வந்து இதையேதான் சொல்வேன்."

கைதட்டு இல்லை. ஸ்தோத்திரம் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் மனுவை மடித்துப் பைபிளுக்குள் வைத்து, பாட்டு நம்பரைச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் என்னோடு யாரும் பேசவில்லை. வழக்கமாகச் சேர்ந்து போகிற ஆட்டோவில் இடமில்லை என்றார்கள். இடம் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். நானும் வீட்டுக்காரரும் மகளும் வெயிலில் நடந்தோம்.

வீட்டுக்குள் போகாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். பிந்தினால் போக மாட்டேன் என்று எனக்கே தெரியும். அக்கா வாசலில் அரிவாள்மணை போட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். உங்களுக்கு. பதினோரு வருடம் ஏத்தா, வாத்தா என்றவர்.

"தப்பாப் பேசிட்டேன்க்கா."

"அதைச் சொல்லவும் உங்க பாஸ்டர்தான் அனுப்புனாரா?"

"இல்லக்கா. நானா வந்தேன்."

"எங்கண்ணனுக்கு முன்னால பேசுனீங்க. அதே மாதிரி அவருக்கு முன்னால சொல்லுங்க."

"அண்ணன் ஊருக்குப் போயிட்டாரே."

அக்கா கையைக் கழுவினார். உள்ளே போய் போனை எடுத்துவந்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் யார், என்ன சொன்னேன், அது தப்பு என்று மூன்று முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவே கேட்டிருக்கும். எதிர் வீட்டுப் பெங்காலி அம்மா ஜன்னலைத் திறந்தார்.

"யாரும்மா?" என்றார் அண்ணன். "எந்தத் தட்டு?"

அவருக்கு நினைவே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்காவுக்கு இரண்டும் வரவில்லை. போனை அணைத்தார்.

"அவருக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல."

சாவியை நீட்டினேன். அவர் மறுபடி மீனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"கையெல்லாம் செதிலு" என்றார். "வாங்க முடியாது."

சாவியை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற வேலிக் கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பார்க்கிறேன். அங்கேயேதான் தொங்குகிறது. சிவப்பு நூல் வெளுத்துவிட்டது.

மனு யாருக்கும் போகவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் அதே வேலையில், இங்கேயேதான் இருக்கிறார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் எங்கள் கேட்டைத் தாண்டும்போது, என்னைப் பார்க்காமல், சுவரிடம் சொல்வது போல, "நாளைக்குப் பதினொண்ணுக்கு விடுவேன்" என்றார். அதிலிருந்து முன்னாலேயே நேரம் தெரிகிறது. முழு லீவு வேண்டாம், மேனேஜரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வந்து பிடித்துவிட்டுப் போகிறேன். வேலை இருக்கிறது.

அதே சபைக்குத்தான் போகிறேன். ஆண்டவரோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஞாயிறு மைக்கை எடுத்தபோது கூட நின்றது அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். கடைசி வரிசையில் உட்காருகிறேன். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். இப்போதெல்லாம் பாஸ்டர் என்னிடம் சாட்சி கேட்பதில்லை.

இந்த வருடம் பங்குனி உத்திரத்தன்று மேளச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் போய்க் கேட்டில் நின்றேன். அக்கா மஞ்சள் சேலையில் இரண்டு தட்டோடு வந்தார். எங்கள் கேட்டைத் தாண்டி, பெங்காலி அம்மாவுக்குக் கொடுத்து, அதற்கடுத்த மலையாளி வீட்டுக்கும் கொடுத்து, வெறுங்கையோடு திரும்பினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க?" என்றார், நிற்காமல்.

"சும்மாதான்க்கா."

அவர் தன் கேட்டைச் சாத்திக் கொண்டி போடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.