கையைக் கட்டினால் மறந்துபோகும்

பிள்ளைகளே, ஆங்கிலத்தில் 'பிரிங்' என்றால் கொண்டு வருவது, 'டேக்' என்றால் கொண்டு போவது. 'பாரோ' இரவல் வாங்குவது, 'லெண்ட்' இரவல் கொடுப்பது. உங்களுக்கு இது சுலபமாக இருக்கலாம். ஆறாம் வகுப்பில் எனக்கு இந்த நான்கும் தண்ணி காட்டின. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவிவிடும்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்பக்கத்தில் இரண்டு விசைத்தறிகள் ஓடும். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அப்பாவோடு பேச்செல்லாம் கையால்தான். உள்ளங்கையை அவர் நெஞ்சுப் பக்கம் இழுத்தால் நூலைக் கொண்டு வா. வெளியே தள்ளினால் கொண்டு போ. ஒருநாள் நூலோடு நடக்கும்போது சட்டென்று பிடிபட்டது. பிரிங்கும் பாரோவும் நெஞ்சுக்கு, டேக்கும் லெண்டும் வெளியே. அதன்பிறகு எனக்குத் தப்பே வரவில்லை.

காலாண்டுப் பரீட்சையில் அந்தக் கேள்விகள் வந்தன. நான் பாட்டுக்குக் கையை இழுப்பதும் தள்ளுவதுமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, யாருக்குலே சைகை காட்டுத?" என்று இங்கிலீஷ் சார் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டார். "போய் ஒங்கப்பாவைக் கூட்டிட்டு வா. காப்பின்னு தெரிஞ்சா முட்டைதான்."

ஓடிப்போய்க் கூப்பிட்டதும் தலையில் பஞ்சுத் தூசியோடு அப்பா வந்தார். ஆசிரியர் அறை ஓய்ந்து கிடந்தது.

"ஒங்க பையன் காப்பி அடிச்சிருக்கான், அண்ணாச்சி."

அப்பா சாருடைய வாயையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டி, எழுதுவதுபோல் விரலை ஆட்டினேன்.

"பாத்தீயளா! என் முன்னாலயே சைகை காட்டுதான்!"

"எங்கப்பாகிட்ட இப்படித்தான் சார் பேசுவேன். இங்கிலீசும் இப்படித்தான் படிச்சேன்" என்றேன்.

சார் நம்பவில்லை. "கையப் பின்னால கட்டுலே. பக்கத்து வீட்டுல ஏணி இரவல் வாங்குதேன். பாரோவா, லெண்டா?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"கைய எடுத்துக்கிடட்டுமா சார்?"

எடுத்ததும் கை தானாக நெஞ்சுக்கு வந்தது. "பாரோ சார்!" அடுத்தடுத்து அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் கை முந்தியது, வாய் பிந்தியது. அத்தனையும் சரி. சார் சிரித்துவிட்டார். பேப்பரை என் கையிலேயே கொடுத்து, மீதியை எழுதி முடிக்கச் சொன்னார்.

"கெட்டிக்காரப் பய, அண்ணாச்சி. நல்லா படிக்க வைங்க."

"ஆமா சார், தறிய நிறுத்திட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் அப்பா.

சார் சொன்னது ஒன்று, அப்பாவின் பதில் வேறொன்று. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சார் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக மறுபடியும் சொன்னார்.

பேப்பர் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் நான் வகுப்புக்கு ஓடினேன். தறிச் சத்தமே இல்லாத அந்த அறையிலும் அப்பாவுக்கு ஏன் என் கை வேண்டியிருந்தது என்று எனக்கு அன்று தோன்றவில்லை.