புக் இல்லாத ஜீப்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய ஜீப் மலிவு விலைக்கு வந்தது. ஓடாத வண்டி, ஆர்.சி. புக்கும் இல்லை. ஆசை இருந்தும் நான் பயந்து பின்வாங்கினேன். நரைமீசை வைத்த, ஒல்லியான ஒரு தோப்புக்காரர் வாங்கிவிட்டார். மாட்டைத் தடவுவதுபோல பானெட்டைத் தடவிக்கொண்டே பேசுவார்.

“புக் இல்லாம ரோட்டுல எப்படீங்க ஓட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“ரோடு எதுக்குங்க? நம்ம தோப்புக்குள்ளயே ஓட்டிக்கலாமுங்க.”

சில மாதம் கழித்து அவர் தோப்புக்குப் போனேன். தானே பழுதுபார்த்து ஓட வைத்திருந்தார். மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்துத் தென்னைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். என்னைக் கண்டதும் தோப்புக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

“நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.”

வேலை இருப்பதாகப் பொய் சொல்லிக் கிளம்பினேன். வீடு சேரும்வரை வயிறு எரிந்தது. ஓட்டியிருந்தால் இறங்கவே மனம் வந்திருக்காது.