என் அளவில் ஒரு புத்தக அலுமாரி

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்தெருவில் குடியிருந்து கணிதம் படிப்பித்த காலத்தில், என் புத்தக அலுமாரியை நானே வரைந்தேன். ஏழடி உயரம். கீழே இரண்டரை அடிக்குக் கதவு போட்ட பெட்டி. மேலே திறந்த தட்டுகள். உயரப் போகப் போக அவற்றின் இடைவெளி குறையும். பெட்டி அரை அடி முன்னுக்கு நீண்டிருக்கும், எடுத்த புத்தகத்தை அதன்மேல் வைத்துப் புரட்டலாம். அந்த அளவுகளில் இன்றும் ஒருவர் பிழை சொல்ல முடியாது.

கிண்ணியாவிலிருந்து வந்த தச்சர், கச்சான் காற்று வீசிய வெயில் காலத்தில், வேப்பம் பலகையில் அதைச் செய்து முடித்தார். ஆனால் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்.

"இதென்ன ஓட்டை? என்ர படத்தில இது இல்லையே."

"மாரியில மரம் ஊதும், டீச்சர். இடம் விடாட்டி கதவு திறக்க ஏலாது."

"எனக்குக் கணக்குச் சொல்லித் தராதீங்கோ. அதை அடையுங்கோ."

அவர் ஒரு சட்டம் வைத்து அடைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில், முதல் மழைக்கு முன்பே, கடலின் ஈரக்காற்றில் கதவுகள் இறுகிவிட்டன. ஆளனுப்பினேன். தச்சர் வந்து தட்டிப் பார்த்தார்.

"சீவலாம், டீச்சர். ஆனா வெயிலுக்குப் பழைய ஓட்டை வரும்."

"அப்ப சீவ வேண்டாம். மாசி வரட்டும்."

மாசிவரை சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கேட்டவர்களிடம், மழையில் நனைவது உடம்புக்கு நல்லது என்றேன். என் குடை கீழ்ப்பெட்டிக்குள், மிகச் சரியான அளவுகளுக்கு நடுவில், நனையாமல் இருந்தது.