ஜெமிமாவுக்கு மேலே ஒரு வரி

"பேரு இன்னா?" என்று கேட்டு, சொன்ன பேரை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, கிரீம் அடைத்த கோனின் நுனியைக் கடுகளவு கத்தரித்து, கேக்குக்கு மேலே நிறுத்திக்கொண்டு ஜெயசுதா அடுத்த கேள்வியைக் கேட்கிறாள்: "அர்த்தம் இன்னா?"

எதிரே நிற்பவர் பெரும்பாலும் ஓர் அப்பா. ஒரு கையில் வண்டிச் சாவி, மறு கையில் போன். கேக் வாங்க வந்த இடத்தில் பரீட்சை வைப்பார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. "தெரிலம்மா. போன்ல வந்துது, நல்லா இருக்குதேன்னு வெச்சிட்டோம்" என்கிறார். ஜெயசுதா தலையை ஆட்டிவிட்டுக் கோனை அழுத்துகிறாள். பதில் வராவிட்டால் கேக் கிடையாது என்றெல்லாம் இல்லை. கேள்வி மட்டும் கட்டாயம்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது விநாயகத்தின் பேக்கரி. முன்னால் டீயும் பப்ஸும். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் ஏசி போட்ட ஒரு சின்ன அறை, அதுதான் ஜெயசுதாவின் இடம். ஏசி அவளுக்காகப் போட்டதல்ல, கிரீமுக்காகப் போட்டது. சித்திரை மாதம் ராஜகிரிக் கோட்டைப் பாறை காய்ந்து ஊரையே வறுத்தெடுக்கும்போது கரண்ட் போனால், முதலில் கேக்கின் ரோஜாப்பூ சாயும், அப்புறம் 'ஹேப்பி' வழியும். 'பர்த்டே' கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

ஜெயசுதாவுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி. மோவாயில் எப்போதும் ஒரு பொட்டு கிரீம் ஒட்டியிருக்கும், சொன்னால் துடைப்பாள், பத்து நிமிடத்தில் மறுபடி வந்துவிடும். பத்தாவதில் கணக்கு அவள் காலை இரண்டு முறை வாரியது. கையெழுத்து மட்டும் முத்து. அந்த முத்தும் அவ்வப்போது வழுக்கும். தப்பாக ஓர் எழுத்து விழுந்துவிட்டால் சுரண்ட மாட்டாள், அதன் மேலேயே ஒரு பூவைப் போட்டுவிடுவாள். செஞ்சியில் வாங்கிய கேக்கில் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு பூ இருந்தால் அதற்கு அடியில் ஒரு தப்பு எழுத்து படுத்துக்கொண்டிருக்கிறது என்று அறிக. அவள் கேக் தின்பதில்லை. "வாசனையிலயே வவுறு ரொம்பிடுது."

ஊரில் எந்தப் பேர் ஏறுகிறது, எது இறங்குகிறது என்பது முதல் பிறந்தநாள் கேக்குகளில் தெரிந்துவிடும். கொஞ்ச நாள் எல்லாம் 'வந்த்'தாக வந்தது. ரிஷ்வந்த், யஷ்வந்த், தஷ்வந்த் மூன்று பேரும் ஒரே தெரு. ஓர் அம்மா கூப்பிட்டால் மூன்று தலை திரும்பும். இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு ஈத்தன் என்று பைபிள் பேர். போன மாதம் ஒருவர் தன் பெண் லியாவுக்கு அர்த்தம் தெரியாமல் அங்கேயே போனில் தேடிப் பார்த்தார்.

"எபிரேயப் பேராம்மா. 'களைத்துப் போனவள்'னு போட்டிருக்குது."

"மாத்திடுவீங்களா?"

"எதுக்கு? ராத்திரி பூரா தூங்காம எங்களக் களைக்க வெக்கிறா. கரெக்டாத்தான் இருக்குது. எழுதும்மா."

அர்த்தம் கேட்டால் சட்டென்று சொல்கிறவர்கள் பாய் வீட்டுக்காரர்கள்தான். கமருன்னிசா தன் பிள்ளை நௌமானின் பேருக்கு அர்த்தத்தோடு ஒரு கதையும் சேர்த்துச் சொன்னாள். அது முடிவதற்குள் முன்னால் நின்ற கூட்டம் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.

விநாயகம் கல்லாவிலிருந்து எட்டிப் பார்ப்பார். "ஏம்மா, அர்த்தத்தையா வெட்டித் திங்கப் போறாங்க? பேர எழுதி அனுப்புவியா, நிக்க வெச்சி பேட்டி எடுக்கறியே!"

"கேட்டா இன்னாண்ணா? சொத்தையா கேட்டுட்டேன்?"

அவருக்கு இன்னொரு புகாரும் உண்டு. ஜெமிமா என்று பேர் வந்தால் மட்டும் ஜெயசுதா அதை நடுவில் எழுதுவதில்லை. கீழ்ப்பாதிக்குத் தள்ளி எழுதுகிறாள். மேல்பாதி வெறும் வெள்ளையாக இருக்கும். பூ கிடையாது, செர்ரி கிடையாது. கேட்டால், "அது அப்டித்தாண்ணா" என்பாள்.

மூன்று வருடம் முன்னால் ஜெயசுதாவுக்கு முதல் குழந்தை மாதம் நிறைவதற்குள் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம் மூச்சு விட்டுப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'ஜெயசுதா குழந்தை' என்று மட்டும் இருந்தது. அவர்கள் வீட்டு வழக்கத்தில் பதினாறாம் நாள்தான் பேர் வைப்பார்கள். அதற்குள் போய்விட்ட குழந்தைக்குப் பேர் வைப்பதில்லை. வைத்தால் அது போக மனசில்லாமல் வாசலில் நின்று ஏங்குமாம். புருஷன் அன்புமணியும் பங்காளிகள் இரண்டு பேரும் ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் அங்கே போகக் கூடாது. ஜெயசுதா போகவில்லை. அன்புமணி திரும்பி வந்து, குளித்து, குட்டி யானை வண்டியை எடுத்துக்கொண்டு நெல் மூட்டை ஏற்றக் கிளம்பிவிட்டான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தாள். முதல் கேக், யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். எழுதப் போனவள் நிறுத்தி, "அர்த்தம் இன்னா?" என்று கேட்டாள். அதற்கு முன் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

கேட்கத் தொடங்கிய சில மாதங்களில் ஷோபனா டீச்சர் வந்தார். மகளுக்குப் பிறந்தநாள்.

"ஜெமிமா. எபிரேய பாஷையில புறான்னு அர்த்தம்மா. பகல்னும் சில பேர் சொல்வாங்க."

"யாருங்க டீச்சர் அந்தப் பேர மொதல்ல வெச்சது?"

டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கிற வாய். பைபிள் வேதத்தில் ஒரு பெரிய பண்ணைக்காரர், அவருக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருநாள் புயலில் வீடு இடிந்து பத்தும் போய்விட்டன, அப்புறம் அவருக்கு மறுபடியும் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள், அதில் மூத்த பெண்தான் ஜெமிமா, அந்தத் தேசத்திலேயே அவளைப் போல அழகி கிடையாது என்று சொல்லி முடித்தார்.

ஜெயசுதா கோனைக் கீழே வைத்தாள். "செத்துப்போச்சே, அந்த மொத பத்து. அதுங்க பேரு இன்னாங்க டீச்சர்?"

டீச்சர் யோசித்தார். போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அவங்க பேரு போடலம்மா."

"ஒண்ணு கூடயா?"

"ஒண்ணு கூட இல்ல."

ஜெயசுதா அந்தக் கேக்கில் பேரைக் கீழ்ப்பாதியில் எழுதினாள். அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பழக்கம்.

போன வருடம் மறுபடியும் பெண் பிறந்தது. மாமியார் அம்மாக்கண்ணு குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "போனதே வந்துட்ச்சிடி. அதே மூக்கு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு பிள்ளைகள் ஒரு பிள்ளையாகிவிடுவதை ஜெயசுதாவால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். முதலில் ஒருத்தி இருந்தாள், அவள் வேறு ஆள். இதை வீட்டில் யாராவது ஒருவர் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேர் வைக்கும் நாளில் ஜோசியர் 'ஜெ' வரிசையில் வைக்கச் சொன்னது அவளுக்குத் தோதாகப் போயிற்று. ஜெமிமா என்றாள். "இன்னாடி, வேதத்துல சேர்ந்துட்டியா?" என்று அம்மாக்கண்ணு மோவாயில் கைவைத்தாள். "புறான்னு அர்த்தம் அத்த" என்றாள் ஜெயசுதா. பாதி அர்த்தம்தான் சொன்னாள். இழந்த வீட்டில் அப்புறம் வந்தவள் பேர் அது என்ற மீதியை யாருக்கும் சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருத்தி, "தலைச்சன் பொண்ணு, ராசியான பொண்ணு" என்று குழந்தைக்குத் திருஷ்டி கழித்தாள். "தலைச்சன் இல்ல" என்றாள் ஜெயசுதா. மாமியார் அவள் தொடையில் கிள்ளினாள்.

பேர் ஊருக்குப் பிடித்துப் போயிற்று. விநாயகத்தின் மச்சினி மகளுக்கு ஒரு ஜெமிமா. செல்போன் கடைக்காரர் வீட்டில் ஒன்று. நெல் ஏலம் போடும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர் வீட்டில் கூட ஒன்று, அங்கே ஜெம்மு என்று கூப்பிடுகிறார்கள். பேர் வைக்கிற நாளுக்குக் கேக் வாங்க வருகிறவர்களிடம் அர்த்தம் கேட்டால் எல்லோரும், "புறான்னு நீங்கதானே சொன்னீங்க" என்கிறார்கள். அவளும் ஆமாம் என்று சிரித்து, பேரைக் கீழே எழுதி அனுப்பிவிடுகிறாள்.

போன ஞாயிறு அவள் மகளுக்கே முதல் பிறந்தநாள். சாயங்காலம் கேக்கை எடுத்துப்போக அன்புமணி வந்தான். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, நெல் தூசியோடு கண்ணாடித் தடுப்புக்குள் தலையை நீட்டினான்.

"ரெடியா சுதா? அங்க உன் பொண்ணு பலூன எல்லாம் கடிச்சி வெக்கிறா."

"பெட்டில வெச்சா முடிஞ்சுது மாமா."

அவன் கேக்கைப் பார்த்தான். "இன்னா, மேல காலியா இருக்குது?"

கல்லாவிலிருந்து விநாயகம் குரல் கொடுத்தார். "நல்லா கேளுப்பா! ஜெமிமான்னா பாதி கேக்க வெள்ளையா விட்டுடுவா. சொந்தப் பொண்ணுக்காச்சும் ரெண்டு பூ போடக் கூடாதா?" அதற்குள் யாரோ டீ கேட்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"புறான்னுதான சொன்ன?" என்றான் அன்புமணி.

"புறாதான். ஆனா..." பெட்டியை மடித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பண்ணைக்காரர் கதையைச் சொன்னாள். பத்தும் போனது, மறுபடி பத்து வந்தது, அதில் மூத்தவள் ஜெமிமா. "போன பத்துக்கும் பேரே போடலயாம் மாமா. அதான் எனக்கு மேல எழுத வரல. விட்டுடறேன்."

அன்புமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"நம்மளுதுக்கு இருக்குது" என்றான்.

ஜெயசுதா நிமிர்ந்தாள்.

"பங்காளிங்க ரெண்டு பேரும் குழி வெட்டிட்டு கை கழுவ ஏரில எறங்கிட்டானுங்க. நான் மட்டும் கையில வெச்சினு இருந்தேன். பேரு இல்லாம எப்படி உள்ள வெக்கிறது? காதுல சொன்னேன். மூணு வாட்டி."

"இன்னான்னு?"

"அமாவாச முடிஞ்சி மூணா நாளு. மேல பிறை தெரிஞ்சுது. வேற ஒண்ணும் வாயில வர்ல." அவன் கண்ணாடியில் படிந்திருந்த மாவை விரலால் தேய்த்தான். "வளர்மதின்னு சொன்னேன். உங்கிட்ட சொன்னா அழுவன்னு சொல்லல."

மடித்த பெட்டியை ஜெயசுதா ஓரமாக வைத்தாள். கேக் தட்டைத் தன் பக்கம் திருப்பினாள். புதுக் கோன் ஒன்றை எடுத்து, நுனியைக் கடுகளவு கத்தரித்து, அந்தப் பேரை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்காமல், ஜெமிமாவுக்கு மேலே வெள்ளையாக இருந்த இடத்தில் கோனை வைத்து அழுத்தினாள்.